வள்ளத்தின் பின் இருக்கை உடைந்தால்: வீட்டு முற்றத்தில் பைபரில் மாற்று செய்யும் முறை

உவரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: அப்பா காலத்துப் பைபர் வள்ளத்தில், எஞ்சின் பிடிப்பவர் உட்காரும் பின் இருக்கை நடுவில் வெடித்து, ஒரு பக்க விளிம்பும் கிழிந்து தொங்குகிறது, வள்ளத்தைச் செய்து கொடுத்த பட்டறை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன, அச்சும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. மரப்பலகை ஒன்றைப் போட்டு ஒப்பேற்றிக்கொள்ளலாமா, அல்லது பைபரிலேயே புதிய இருக்கையை வீட்டு முற்றத்தில் செய்துவிட முடியுமா என்பது அவருடைய கேள்வி.

தாராளமாகச் செய்யலாம். பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகளின் பைபர் மூடிகளையும், கூடுதாழை முதல் கூட்டப்புளி வரையுள்ள ஊர்களின் வள்ளங்களையும் பழுது பார்ப்பதே என் தொழில் என்பதால், இதை நம்பிக்கையோடு சொல்கிறேன். ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும் ஓர் இருக்கைக்குப் பட்டறையும் வேண்டாம், பெரிய கருவிகளும் வேண்டாம். நல்ல நிழலும், இரண்டு மூன்று காலைப் பொழுதுகளும், அவசரப்படாத கையும் இருந்தால் போதும். ஆனால் பழையதைப் பார்த்து அச்சு அசலாக இன்னொன்று செய்வதுதான் வேலை என்று நினைத்து இறங்கினால், பழையது உடைந்த அதே இடத்தில் புதியதும் உடையும். ஆகவே கண்ணாடி இழைகளைப் பிணைத்து உறையும் பிசினான ரெசினை வாங்கப் புறப்படுவதற்கு முன், உடைந்ததை வள்ளத்தில் இருந்தபடியே, அடிப்புறத்தையும் குனிந்து பார்த்து, அரை மணி நேரம் படித்துப் பாருங்கள்.

வள்ளத்தில் இருக்கை என்பது உட்காருவதற்காக மட்டும் வைத்ததன்று. மேற்புறம் திறந்து கிடக்கும் ஓட்டின், அதாவது வள்ளத்தின் உடலின், இரு பக்கங்களையும் விரியாமலும் ஒடுங்காமலும் பிடித்து நிறுத்துவது அதுதான். மரவள்ளங்களில் குறுக்குப் பலகை செய்த வேலையைப் பைபரில் இருக்கை செய்கிறது. அலை பக்கவாட்டில் அறையும்போதும், கரையில் ஆட்கள் சேர்ந்து தள்ளி ஏற்றும்போதும், பின்னால் எஞ்சின் அதிரும்போதும் பக்கச் சுவர்கள் அசைகின்றன; அந்த அசைவு முழுவதும் இருக்கையின் இரண்டு முனைகளுக்குத்தான் வந்து சேர்கிறது. உட்காரும் ஆளின் எடை அதற்கு மேல் வருவது.

உடைப்பின் வடிவமே அதன் காரணத்தைச் சொல்லிவிடும். போல்ட் ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் போல் மயிரிழைக் கீறல்கள் ஓடியிருந்தால், அகலமான வாஷர் இல்லாமல் போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். நடுவில் வெடித்து, அடிப்புறத்தில் இழைகள் வெளுத்துத் தெரிந்தால், தகடு ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்ந்தே களைத்துப்போயிருக்கிறது; அடியில் வளையாமல் தாங்கும் விலா என்னும் முட்டு வரிகளை வைக்கவில்லை, அல்லது வைத்த விலா பிரிந்துவிட்டது. விளிம்பு மடங்கும் மூலையில் கிழிந்திருந்தால், அந்த மூலை கூர்மையாக வார்க்கப்பட்டு, இழை உள்ளே போய்ப் படியாமல் ரெசின் மட்டும் தேங்கி உறைந்திருக்கும். இழையில்லாத ரெசின் கண்ணாடி போன்றது. அதற்கு வளையத் தெரியாது. கடைசியாக, ஒரு நாணயத்தால் இருக்கை முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். நன்றாக இருக்கும் இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிரிந்த இடம் தேங்காய் அழுகியது போல் தொப்பென்று கேட்கும். உள்ளே பிளைவுட் வைத்துப் பொதிந்த இருக்கையானால், அந்தத் தொப்பென்ற இடத்தில் ஓர் ஓட்டை போட்டதும் கறுப்புத் தண்ணீர் வடியும். போல்ட் ஓட்டை வழியாக இறங்கிய உப்புநீர் பலகையை உளுத்துப்போகச் செய்திருக்கும். நான் பார்த்த பின் இருக்கைகளில் பாதிக்கு மேல் போனது இந்த வழியில்தான்.

நம் கரையில் பைபர் வள்ளங்கள் பெருகியது 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு. அப்போது குறுகிய காலத்தில் ஏராளமான வள்ளங்கள் வேண்டியிருந்ததால், நல்ல வேலையும் நடந்தது, அவசர வேலையும் நடந்தது. அந்தக் காலத்து வள்ளம் என்றால் ஓடு இன்னும் உறுதியாக இருக்க, இருக்கை மட்டும் மெலிந்திருப்பதைக் கண்டு வியக்க வேண்டாம். ஓட்டில் மிச்சம் பிடிக்கத் துணியாதவர்கள் இருக்கையில் பிடித்திருப்பார்கள்.

மரப்பலகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு பருவத்துக்கு ஓடும். ஆனால் பலகை ஈரத்தில் ஊதிக் காய்ச்சலில் சுருங்கும்; பைபர் சுவர் அப்படிச் செய்யாது. ஆகவே இரண்டும் சேரும் இடம் நாளாக ஆகத் தளர்ந்து, பலகை ஆளைத் தாங்குமே தவிரச் சுவர்களைப் பிடிக்காது. தற்காலிகமாகப் போட்டுக்கொள்ளுங்கள், அதையே தீர்வாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

பழைய இருக்கையை வெட்டி எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வள்ளத்தை மணலில் சாயாமல் முட்டுக் கொடுத்து நிறுத்தி, இருக்கைக்குச் சற்று முன்னால் பக்கச் சுவர்களின் மேல் விளிம்புகளுக்குக் குறுக்கே ஒரு கட்டையை வைத்து, இரு முனைகளிலும் கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுங்கள். இருக்கை வெளியே வந்ததும் சுவர்கள் தம் போக்கில் விரியவோ ஒடுங்கவோ பார்க்கும். அதன் பிறகு எடுக்கும் அளவு வேறாக இருக்கும். கட்டை இறுகிய பின், கெட்டி அட்டையில் இருக்கை உட்காரும் இடத்தின் வடிவத்தை வெட்டி எடுங்கள். வள்ளம் பின்னோக்கிப் போகப் போக அகலம் மாறுவதால், இருக்கையின் முன் ஓரமும் பின் ஓரமும் ஒரே நீளம் இருக்காது. டேப்பை மட்டும் நம்பினால் ஒரு பக்கம் இடித்துக்கொண்டு மறுபக்கம் விரல் நுழையும் இடைவெளி விழும்.

இனி அச்சு. பழைய இருக்கையைப் பட்டி போட்டுத் தேய்த்து, அதன் மேலேயே அச்சு எடுப்பது பட்டறைக்காரர்களின் வழி. அவர்களுக்கு நூறு இருக்கை வேண்டும். உங்களுக்கு வேண்டியது ஒன்று, மிஞ்சினால் இரண்டு. உடைந்து முறுகிப்போன ஒன்றைச் சீர்படுத்தும் உழைப்பில் புதிய அச்சே செய்துவிடலாம். சன்மைக்கா ஒட்டிய பிளைவுட் பலகைகளால், மேலே திறந்த ஆழமில்லாத தொட்டி ஒன்றைச் செய்யுங்கள். பளபளப்பான முகம் உட்புறம் இருக்க வேண்டும். இருக்கை இதற்குள் தலைகீழாக வார்க்கப்படும்: தொட்டியின் அடி இருக்கையின் மேற்பரப்பாகவும், தொட்டியின் பக்கங்கள் கீழ்நோக்கி மடங்கும் விளிம்புகளாகவும் வரும். சன்மைக்காவின் வழவழப்பு அப்படியே இருக்கைக்கு வந்துவிடும் என்பதால் தேய்க்கிற வேலை மிச்சம்.

அச்சில் மூன்று நுட்பங்கள் உண்டு. முதலாவது, பக்கங்கள் செங்குத்தாக நிற்காமல் வெளிப்புறமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். இட்லித் தட்டின் குழி அடியில் குறுகி மேலே விரிந்திருப்பதால்தான் இட்லி பெயர்ந்து வருகிறது. அதுவே பானை போல் வாய் குறுகியிருந்தால் இட்லியைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். 8 சென்டிமீட்டர் உயர விளிம்புக்கு அரை சென்டிமீட்டர் சாய்வு கொடுத்தால் போதும். இரண்டாவது, அடியும் பக்கமும் சேரும் மூலையில் கட்டைவிரலை வைத்து இழுத்தாற்போல் வளைவாக மெழுகோ, குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிசின் களிமண்ணோ பூசி வழித்துவிடுங்கள். விளிம்பு கிழிந்ததாகச் சொன்னீர்களே, அதற்கு மருந்து இந்த வளைவுதான். இழைப் பாய் வளைவில் படியும், கூர்மூலையில் படியாது. மூன்றாவது, அடிப்பலகையின் நடுப்பகுதியை நூல் அளவு தாழ்த்தி வையுங்கள். தலைகீழாக வார்ப்பதால் இருக்கையின் நடு லேசாக மேடிட்டு வரும். மழைநீரும் அலைநீரும் தேங்காமல் இரு பக்கமும் வழிந்துவிடும்.

அச்சுக்கு வேக்ஸ் பூசுவதில் சோம்பல் கூடாது. அச்சு வேக்ஸில் முக்கியமானது கார்னோபா மெழுகு. அது பிரேசில் நாட்டில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து சுரண்டி எடுக்கப்படுவது. பனங்காட்டில் பிறந்த நமக்கு ஓலையின் மெழுகு இப்படியும் உதவுகிறது என்பது எனக்கு எப்போதும் ஒரு சிறு சந்தோஷம். புதிய அச்சுக்கு ஐந்தாறு முறை பூசி, ஒவ்வொரு முறையும் காயவிட்டுத் துணியால் மெருகேற்ற வேண்டும். கடைசியாகப் பி.வி.ஏ. என்னும் திரவத்தை ஸ்பாஞ்சால் மெல்லியதாக இழுத்துக் காயவிட்டால், மேலே ஒரு தோல் போல் படிந்து கூடுதல் காப்பாக நிற்கும். தொழில் பழகிய காலத்தில் நான் இரண்டு பூச்சோடு நிறுத்திவிட்டு ஒரு மூடியை வார்த்தேன். அச்சும் மூடியும் ஓருடலாகி, இரண்டையும் கிரைண்டரால் அறுத்துத்தான் பிரித்தோம். அந்த வாரக் கூலி அச்சுக்கே போயிற்று.

பொருள்களின் கணக்குக்கு ஓர் உதாரண அளவை எடுத்துக்கொள்வோம். இருக்கை 140 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், நான்கு பக்கமும் 8 சென்டிமீட்டர் விளிம்பு என்றால், விரித்துப் பார்த்தால் ஏறத்தாழ 0.8 சதுர மீட்டர் வரும். இதற்கு நான் போடும் அடுக்கு: முதலில் ஜெல்கோட் என்னும் நிறமுள்ள மேற்பூச்சு ரெசின், அதன் மேல் 300 கிராம் மேட் ஒன்று, 450 கிராம் மேட் ஒன்று, 610 கிராம் ரோவிங் ஒன்று, மறுபடி 450 கிராம் மேட் இரண்டு. இந்தக் கிராம் கணக்கெல்லாம் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. மேட் என்பது வெட்டிய இழைகளை எல்லாத் திசையிலும் தூவிப் பாயாக்கியது; ரோவிங் என்பது கற்றை இழைகளைக் கோணி போல் நெய்தது. வளைவுகளில் படிந்து கொடுப்பது மேட். இழுவையைத் தாங்குவது ரோவிங். 450 கிராம் மேட் ஒன்று உறைந்த பின் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனம் கொடுக்கும் என்பதால், மொத்தம் நான்கரை மில்லிமீட்டர் அளவுக்கு வரும். மேட் தன் எடையைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசினைக் குடிக்கும்; ரோவிங் தன் எடை அளவுக்குத்தான் குடிக்கும். அந்தக் கணக்கில் அடுக்குகளுக்கு மூன்றரை கிலோ, விலாக்களுக்கும் பொருத்துவதற்கும் கையோடு வீணாவதற்கும் சேர்த்து ஆறு கிலோ ரெசின், அரை கிலோ ஜெல்கோட், இரண்டரை கிலோ மேட், முக்கால் கிலோ ரோவிங் வாங்கினால் போதும். இவை நாகர்கோவிலிலும் தூத்துக்குடியிலும் பைபர் பொருள் விற்கும் கடைகளில் சில்லறையாகவே கிடைக்கும்.

ரெசினில் எது என்று கடைக்காரர் கேட்பார். சாதாரண ரகம் தண்ணீர்த்தொட்டி மூடிக்கும் கூரைத் தகட்டுக்கும் சரி. உப்புநீரில் கிடக்கும் பொருளுக்கு ஐசோ (ஐசோப்தாலிக் பாலியஸ்டர்) ரெசின் என்று கேட்டு வாங்குங்கள். அது தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. எபாக்சி இன்னும் உறுதியானது, விலையும் கூடியது. இந்த வேலைக்கு அவசியமில்லை. எபாக்சியை வாங்கிக்கொண்டு கடையில் கிடைக்கும் எல்லா மேட்டோடும் சேர்க்கவும் முடியாது, ஏனென்றால் சில மேட்டுகளில் இழைகளை ஒட்டி வைத்திருக்கும் பசை பாலியஸ்டர் ரெசினிலுள்ள ஸ்டைரீன் என்னும் கரைப்பானில்தான் கரையும்.

ரெசினை உறைய வைப்பவை இரண்டு: கோபால்ட் என்று கடையில் சொல்லும் ஆக்சிலரேட்டர், கேட்டலிஸ்ட் என்னும் நிறமற்ற திரவம். இந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். ஒரே கரண்டியையோ ஒரே சிரிஞ்சையோ இரண்டுக்கும் பயன்படுத்துவதுகூட வேண்டாம். முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிவிட வேண்டும். ரெசின் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக நிறம் மாறும். பிறகு, பயன்படுத்தப்போகும் பங்கை மட்டும் தனியே எடுத்து, அதில் கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். சில கடைகளில் கோபால்ட் சேர்த்த ரெசினையே விற்பார்கள்; கேட்டு உறுதி செய்துகொண்டால் இரண்டாம் முறை சேர்க்காமல் தப்பிக்கலாம். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். ஆகவே கண்ணாடி அணியாமல் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். தெறித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அளவு என்று கேட்டால், ஒரு கிலோ ரெசினுக்குக் கேட்டலிஸ்ட் 10 முதல் 20 மில்லி. நம் ஊர் வெயிலில் 10 மில்லியே போதும். ஆனால் நேரம் கிடைக்கட்டும் என்று அதற்கும் கீழே இறங்கினால் ரெசின் உறைந்தாற்போல் தெரியுமே தவிர உள்ளே வேகாமல் நின்றுவிடும். நேரத்தை நீட்டிக்கக் குறைக்க வேண்டியது கோபால்ட்டைத்தான். ஜெல்கோட்டுக்கு மட்டும் கேட்டலிஸ்ட்டை ஒன்றரை சதவீதத்துக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். ஊசி நீக்கிய மருந்துச் சிரிஞ்சு அளக்க வசதியானது. வேலை தொடங்கும் முன் 100 கிராம் ரெசினில் சோதனை செய்து, கலந்தது முதல் நுங்குப் பதத்துக்கு வரும் வரை கடிகாரத்தில் பாருங்கள். 20 நிமிடம் கிடைத்தால் நல்லது. ஒரு நேரத்தில் அரை கிலோவுக்கு மேல் கலக்க வேண்டாம். குவளையில் மொத்தமாகக் கிடக்கும் ரெசின் தன் சூட்டிலேயே சூடேறிப் புகையத் தொடங்கும். மீந்துபோனதை மணலில் பரப்பிவிடுங்கள். தெர்மாகோல் கப்பில் ஊற்றினால் கப்பே கரைந்து கால்மேல் கொட்டும்.

இடமும் காலமும் இந்த வேலையில் பாதி. ஆடிக் காற்று அடிக்கும்போது கடலோரத்து முற்றத்தில் ஜெல்கோட் பூசினால், அரை மணியில் அது மணல் காகிதமாகிவிடும். மழைக்கால ஈரமும் ஆகாது. ஈரம் ஏறிய மேட் ரெசினில் பால் போல் வெளுத்து நிற்கும். நேர் வெயிலும் ஆகாது, ஏனென்றால் மேலடுக்கு அவசரமாக உறைந்து, கீழடுக்கு பின்தங்கி, தகடு முறுகும். மாசி, பங்குனியில் காற்று தணிந்த காலை 6 மணி முதல் 10 மணி வரை, தென்னங்கீற்றுக் கொட்டகையின் நிழலில் செய்வது மிகவும் ஏற்றது. நாலாபுறமும் காற்றோட்டம் வேண்டும். ஸ்டைரீன் ஆவி தலைவலியைக் கொடுப்பதோடு தீயையும் பிடிக்கும். அடுப்பும் பீடியும் அருகில் இருக்கக் கூடாது. துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. ஆவிக்கென்று கரிக்குடுவை வைத்த முகமூடி தனியாக இருக்கிறது.

முதல் நாள் காலை ஜெல்கோட்டைப் பிரஷ்ஷால் நீளவாக்கில் ஒரு முறையும், சற்று இறுகியதும் குறுக்குவாக்கில் ஒரு முறையும் பூசுங்கள். அரை மில்லிமீட்டர் கனம் நிற்க வேண்டும். மெலிந்த இடத்தில் பிறகு மேட் ரெசினின் ஸ்டைரீன் ஊடுருவி, ஜெல்கோட் முதலைத் தோல் போல் சுருங்கிக்கொள்ளும். நிறம் வெள்ளையாகவோ வெளிர் சாம்பலாகவோ இருக்கட்டும். நீலம் பார்க்க அழகு, நண்பகலில் உட்கார முடியாது. விரலை வைத்தால் பிசுக்கென்று ஒட்ட வேண்டும், விரலில் நிறம் வரக் கூடாது. அந்தப் பதத்தில் அடுத்த வேலையைத் தொடங்கலாம்.

மேட்டை அளவுக்கு முன்பே கிழித்து அடுக்கி வைத்திருக்க வேண்டும். கத்தரிக்கோலால் வெட்டிய ஓரம் மேடு தட்டும். கையால் கிழித்த ஓரம் இழைகள் பிரிந்து அடுத்த துண்டோடு கலந்துவிடும். முதலில் அச்சின் மேல் ரெசினைப் பூசி, அதன் மேல் 300 கிராம் மேட்டை விரியுங்கள். ரெசின் அடியிலிருந்து ஏறி வரட்டும். பிறகு பிரஷ்ஷை இழுக்காமல், நுனியால் குத்திக் குத்தி நனையுங்கள். இழுத்தால் இழைகள் திரண்டு கூடிவிடும். ஓரிரண்டு நிமிடத்தில் மேட்டின் பசை கரைந்து, வெள்ளைப் பாய் நனைந்த மல் வேட்டி போல் ஒளி ஊடுருவத் தொடங்கும். எங்காவது வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தால் அங்கே காற்று சிறைப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். வரி வெட்டிய இரும்பு ரோலரை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உருட்டி அதை வெளியேற்றுங்கள். இந்த முதல் அடுக்கில் தங்கிவிடும் குமிழிதான் பின்னாளில் வெயிலில் ஜெல்கோட்டுக்கு அடியில் பொரிந்து உடைவது. எனவே மற்ற அடுக்குகளுக்குக் கொடுக்கும் நேரத்தைப் போல் இரு மடங்கு இதற்குக் கொடுங்கள். ரெசின் குளம் போல் தேங்கினாலும் குறைதான். தேங்கியதை ரோலரால் ஒதுக்கி வழித்து எடுத்துவிட வேண்டும்.

அடுத்து 450 கிராம் மேட்டையும் ரோவிங்கையும் போட்டு முதல் நாளை முடித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டால் உறையும் சூடு கூடித் தகடு வளையும். மறுநாள் காலை மீதி இரண்டு மேட்டுகள். ஒரு நாளுக்குள் தொடர்ந்தால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே இருக்கும், அடுத்த அடுக்கு நன்றாகப் பிடிக்கும். நாள் கடந்துவிட்டால் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி அசிட்டோனால் துடைத்த பிறகே தொடர வேண்டும்.

விலாக்களுக்கு வருவோம். நடுவில் வெடித்த இருக்கைக்குப் பலரும் கண்டுபிடிக்கும் தீர்வு இன்னும் நான்கு மேட்டைப் போட்டுக் கனமாக்குவது. கனத்தை இரு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது உண்மைதான், ஆனால் எடையும் செலவும் இரு மடங்காகும். ஒரு விலாவோ அதே விறைப்பைச் சில நூறு கிராமில் கொடுத்துவிடும். ஓலை நுனி தொங்கினாலும் மட்டை வளையாமல் நிற்கிறதே, அது போன்ற வேலை இது. ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து, இருக்கையின் அடிப்புறத்தில் நீளவாக்கில் இரண்டு வரிசையாகக் கவிழ்த்து வையுங்கள். ரெசினில் டால்க் பவுடர் கலந்த பட்டியால் அவற்றை நிறுத்தி, ஓரங்களிலும் பட்டியை வழித்து வளைவாக்கி, மேலே 450 கிராம் மேட் இரண்டு அடுக்கு போட்டு, இரு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் தகட்டின் மேல் படியவிடுங்கள். குழாய் வெறும் வடிவத்துக்குத்தான்; உறுதி முழுவதும் மேலே போட்ட இழையில் இருக்கிறது. முனைகளையும் மேட்டால் மூடிவிட்டால் உள்ளே தண்ணீர் போகாது. தகடு ஓரிரவு உறைந்த பிறகே விலா வைக்க வேண்டும். முந்தினால் விலாவின் தடம் மேற்பரப்பில் வரியாகத் தெரியும்.

கடைசிப் பூச்சு காற்று படும் இடத்தில் முழுதாக உறையாமல் பிசுபிசுக்கும் என்பது பாலியஸ்டரின் குணம். அந்த ரெசினில் மட்டும் கடையில் விற்கும் வேக்ஸ் கரைசலைச் சிறிது சேர்த்தால், மெழுகு மேலே மிதந்து வந்து காற்றை அடைத்துவிடும்.

ஓரங்களை நறுக்க ஒரு நேரம் இருக்கிறது. நுங்குப் பதம் தாண்டி, முற்றாத தேங்காயின் பருப்புப் போல் இறுகியிருக்கும்போது கூரான கத்தி வழுக்கிக்கொண்டு போகும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் கிரைண்டர்தான், கண்ணாடித் தூசிதான். முழுக்கைச் சட்டையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, காற்றுக்கு முதுகு காட்டி நின்று அறுங்கள். வேலை முடிந்ததும் சொறியாமல் குளிர்ந்த தண்ணீரில் குளியுங்கள்.

கடைசி அடுக்குக்குப் பிறகு ஒரு நாள் முழுவதும் அச்சிலேயே இருக்கட்டும். பிறகு ஓரத்தில் மரச் சீவல்களைச் செருகி, இடைவெளியில் தண்ணீர் ஊற்றினால் பி.வி.ஏ. தோல் கரைந்து இருக்கை பெயர்ந்து வரும். சுத்தியலும் உளியும் வேண்டாம். வந்ததைச் சமதளத்தில் வைத்து மூன்று நாள் வெயில் காட்டுங்கள். அசிட்டோன் நனைத்த துணியால் தேய்த்தால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை. இருபுறமும் செங்கல் முட்டு வைத்து நடுவில் இரண்டு பேர் ஏறி நின்று பாருங்கள். ஏழெட்டு கிலோ இருக்கும் அந்த இருக்கை கண்ணுக்குத் தெரியும்படி தொய்யக் கூடாது; சடசடவென்று ஓசையும் எழக் கூடாது.

பொருத்தும்போது, சுவரில் பழைய இருக்கை உட்கார்ந்திருந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் முதலில் கழுவுங்கள். எண்ணெய் ஊறிய இடத்தைக் கழுவாமல் தேய்த்தால் எண்ணெய் உள்ளேதான் போகும். பிறகு 40 நம்பர் உப்புத்தாளால் பெயிண்டும் ஜெல்கோட்டும் போய் இழை தெரியும் வரை தேய்த்து, அசிட்டோனால் துடையுங்கள். வெட்டிய இழைகள் கலந்த பட்டியைப் பூசி இருக்கையை அதன்மேல் அமர்த்தி, சுவரும் இருக்கையும் சேரும் மூலையைப் பட்டியால் வளைவாக்கி, மேலும் கீழும் மூன்று அடுக்கு மேட் பட்டைகளை ஒன்றைவிட ஒன்று அகலமாக இருக்கும்படி போட்டுவிட்டால், இருக்கையும் ஓடும் ஒரே உடலாகிவிடும். சுவர்களைப் பிடிக்க வேண்டிய பின் இருக்கைக்கு இதுவே சரி. அடியில் டேங்க் வைத்திருப்பதால் கழற்றி மாட்ட வேண்டும் என்றால் மட்டும் போல்ட். அப்போது 316 ரகத் துருப்பிடிக்காத போல்ட்டும், இரண்டு பக்கமும் அகல வாஷரும் வேண்டும். போல்ட் போகுமிடத்தில் இன்னும் மூன்று மேட் கூடுதலாகப் போட்டுக் கனமாக்கியிருக்க வேண்டும். சிலிக்கான் பசையை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். அது பட்ட இடத்தில் பிறகு ரெசினும் பிடிக்காது, பெயிண்டும் பிடிக்காது.

பழைய இருக்கைக்கு அடியில் மிதவைக்காகத் தெர்மாகோல் கட்டிகளோ பஃப் (பாலியூரித்தேன் நுரை) கட்டிகளோ இருந்திருந்தால், இடம் அடைக்கிறதென்று வெளியே விட்டுவிடாதீர்கள். வள்ளம் கவிழ்ந்தால் அதை மூழ்காமல் வைத்திருப்பவை அவைதான். தெர்மாகோல் பெட்ரோலிலும் கரையும், ரெசினிலும் கரையும். புதிதாக வைப்பதானால் பஃப் கட்டியை வைத்து, மேட் போட்டு மூடிவிடுங்கள்.

குறுக்கே இறுக்கிய கட்டையை, ஒட்டிய மேட் முழுதாக இறுக ஒரு வாரம் விட்டு அதன் பிறகே கழற்றுங்கள். அச்சை உடைத்து அடுப்பில் வைத்துவிடாமல், ஒரு பூச்சு வேக்ஸ் போட்டுக் கவிழ்த்து வையுங்கள். முன் இருக்கையும் பின் இருக்கை செய்யப்பட்ட நாளில், அதே கையால் செய்யப்பட்டதுதான். அதற்கும் முறை வரும்போது, சன்மைக்கா ஒட்டிய ஒரு குறுக்குப் பலகையை இதே தொட்டிக்குள் சாய்த்து வைத்து நீளத்தைக் குறைத்துக்கொண்டால் போதும்.